அடுக்கும் மூலமும்: பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு உதவ முழுமையான வழிகாட்டி

மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழாவது முதல் ஒன்பதாவது வரை படிக்கும் பிள்ளைகள் சிலர் கணக்கு நோட்டோடு வந்து உட்காருவார்கள். அடுக்குகள் பாடம் தொடங்கும் வாரத்தில் பெற்றோரும் கூடவே வந்துவிடுவார்கள். "விதியெல்லாம் ஒப்பிக்கிறான், கணக்கு மட்டும் தப்பாகவே வருது" என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் சொல்வது.

நான் பார்த்தவரையில், இந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவது விதி தெரியாமல் அல்ல. கணக்கை வாசிக்கும்போதே தவறிவிடுகிறார்கள். எந்த எண்ணுக்கு மேல் அடுக்கு இருக்கிறது, மூலக்குறி எது வரை நீள்கிறது என்று பார்ப்பதற்குள் கை எழுதத் தொடங்கிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் வாசிப்பது முதலில் வரும், விதி பிறகுதான். வரிசையை மாற்ற வேண்டாம்.

ஒரு சிறு குறிப்பு. பாடப்புத்தகத்தில் மாறிகளுக்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். இங்கே அ, க என்று எழுதுகிறேன். எண்ணின் தலைமேல் பொடியாக எழுத முடியாத அடுக்கை ^ குறி போட்டுக் காட்டுகிறேன். 2^க என்றால் 2 அடிமானம், க அதன் அடுக்கு.

1. பிள்ளையோடு உட்காரும் முன்

முதலில் நீங்கள் தனியாகப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய பாடத்தின் எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் புத்தகத்திலும், ஆசிரியர் போட்டுக் கொடுத்த கணக்குகளை வகுப்பு நோட்டிலும் பாருங்கள். நமக்குத் தெரிந்த வழி ஒன்றாகவும் வகுப்பில் சொன்ன வழி வேறாகவும் இருந்தால் பிள்ளைக்கு இரண்டுமே குழம்பிவிடும். விடை ஒன்றுதான் என்றாலும் அந்த வாரத்துக்கு ஆசிரியரின் வழியையே பிடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தமிழ் வழியில் படித்து, பிள்ளை ஆங்கில வழியில் படித்தால் சொற்களை முதலிலேயே ஒட்டிவிட வேண்டும். நீங்கள் அடிமானம் என்பதைப் பிள்ளை பேஸ் என்பான். அடுக்கு என்பது அவனுக்கு பவர் அல்லது எக்ஸ்போனென்ட். வர்க்கமூலம் ஸ்கொயர் ரூட், கனமூலம் கியூப் ரூட், விகிதமுறா மூலம் (√2 போல, முழு எண்ணாகவோ பின்னமாகவோ வராத மூலம்) சர்ட். ஒரு தாளில் எழுதி இருவர் கண்ணிலும் படும்படி வையுங்கள். "அடிமானம் எதுன்னு கேட்டேன், முழிக்கிறா" என்று ஓர் அம்மா வருத்தப்பட்டார். அந்தப் பெண்ணுக்குக் கணக்கு தெரிந்துதான் இருந்தது, சொல்தான் புதிது.

இன்னொரு தாளில் பிள்ளையே தன் கையால் ஒரு பட்டியல் எழுதட்டும்: 1 முதல் 20 வரை வர்க்கங்கள், 1 முதல் 10 வரை கனங்கள், 2இன் அடுக்குகள் 1024 வரை, 3இன் அடுக்குகள் 729 வரை, 5இன் அடுக்குகள் 625 வரை. மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள், பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடட்டும். 729ஐப் பார்த்ததும் "இது 3⁶, இதுவே 27², இதுவே 9³" என்று தோன்றத் தொடங்கினால் பாதிப் பாடம் இலகுவாகிவிடும். பழகப் பழகத் தாளைப் பார்ப்பது தானாகவே குறையும்.

ரஃப் நோட்டு ஒன்று, பென்சில், கட்டம் போட்ட தாள் சில. கால்குலேட்டரைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் எடுங்கள்.

2. கணக்கை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்

2³ என்று எழுதி "இதைப் படி" என்றால் பல பிள்ளைகள் "ரெண்டு மூணு" என்பார்கள். சொன்ன வேகத்திலேயே வாய்ப்பாட்டு ராகம் வந்துவிடும்: ரெண்டு மூணு ஆறு. விடை 6 என்று எழுதிவிடுவார்கள். தப்பு கணக்கில் இல்லை, வாயில்தான் பிறந்தது.

"இரண்டின் அடுக்கு மூன்று" என்று முழுதாகச் சொல்லப் பழக்குங்கள். சொன்னதும் விரித்து எழுதச் சொல்லுங்கள்: 2 × 2 × 2. அப்புறம்தான் 8.

தமிழ் இலக்கணத்தில் அடுக்குத்தொடர் படித்திருப்பார்கள். "பாம்பு, பாம்பு, பாம்பு" என்பதில் ஒரே சொல் மூன்று முறை அடுக்கி வருகிறது. 2³ என்பதிலும் ஒரே எண் மூன்று முறை அடுக்கி வருகிறது, நடுவே பெருக்கல் குறியோடு. மேலே இருக்கும் பொடி எண் "எத்தனை முறை" என்று மட்டும் சொல்கிறது. அது பெருக்கலில் கலந்துகொள்வதில்லை. இந்த ஒப்புமையைச் சொன்னதும் ஆறு எழுதிய பிள்ளைகள் பலர் தாங்களே அழித்துத் திருத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே நமக்கு ஓர் எச்சரிக்கை. முதல் எடுத்துக்காட்டாக 2²ஐ எடுக்காதீர்கள். 2 × 2 = 4, 2 + 2 = 4, 2² = 4. தப்பாகப் புரிந்துகொண்டாலும் சரியான விடை வந்துவிடும், தப்பு உள்ளேயே தங்கிவிடும். 5³ போன்ற ஒன்றில் தொடங்குங்கள். 15 என்று எழுதினால் உடனே தெரியும். 125 என்று எழுதினால் புரிந்திருக்கிறது.

3. அடிமானம் எது என்று நிழலிடச் சொல்லுங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இது. ஒரு நாள் முழுக்க இதற்கே போனாலும் பரவாயில்லை.

அடுக்கு தனக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்பதை மட்டும் பிடித்துக்கொள்ளும். ஒட்டி நிற்பது ஓர் எண் என்றால் அந்த எண்ணை மட்டும். ஒட்டி நிற்பது அடைப்புக்குறி என்றால் அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும்.

கணக்கைத் தொடுவதற்கு முன் அடிமானத்தைப் பென்சிலால் லேசாக நிழலிடச் சொல்லுங்கள். (−3)⁴ என்பதில் அடைப்புக்குறி முழுதும் நிழலாகும். விரித்தால் (−3) × (−3) × (−3) × (−3) = 81. −3⁴ என்பதில் 3 மட்டும் நிழலாகும்; மைனஸ் வெளியே நிற்கும். முதலில் 3⁴ = 81, பிறகு முன்னால் மைனஸ், ஆக −81. இரண்டு கணக்குக்கும் ஒரே இலக்கங்கள், ஒரே அடுக்கு. நிழலிடாத பிள்ளைக்கு வேறுபாடு கண்ணில் படாது.

மாறி வந்தாலும் இதேதான். 2அ³ என்பதில் அ மட்டும் நிழல்: 2 × அ × அ × அ. (2அ)³ என்பதில் 2அ முழுதும் நிழல்: 2அ × 2அ × 2அ = 8அ³. நம்பாத பிள்ளையிடம் அ-வுக்குப் பதில் 5 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது 2 × 125 = 250. இரண்டாவது 10 × 10 × 10 = 1000. நீங்கள் வாதாட வேண்டியதே இல்லை.

பின்னத்திலும் கவனம் வேண்டும். (2/3)² என்றால் 4/9. அடைப்புக்குறி இல்லாமல் தொகுதியில் மட்டும் 2² இருந்தால் 4/3. நோட்டில் அவசரமாக எழுதும்போது பிள்ளைகள் அடைப்புக்குறியை விட்டுவிடுவார்கள், அடுத்த வரியில் அதுவே வேறு கணக்காகிவிடும். "அடைப்புக்குறியைக் கணக்கு முடியும்வரை கூடவே கூட்டிக்கிட்டு வா" என்று சொல்லிவையுங்கள்.

4. விதியைச் சொல்லிக் கொடுக்காமல் விரிக்கச் சொல்லுங்கள்

"ஒரே அடிமானம் என்றால் பெருக்கலில் அடுக்கைக் கூட்டு" என்று நாம் சொல்லிவிட்டால் பிள்ளைக்குக் "கூட்டு" மட்டும் நினைவிருக்கும், எப்போது என்பது மறந்துவிடும். அதனால் விதியை அவர்களே கண்டெடுக்கட்டும். வரிசை இதுதான்.

முதலில் பெருக்கல். 2³ × 2⁴ஐ விரித்தால் மூன்று இரண்டும் நான்கு இரண்டும் ஒரே வரியில் நிற்கும். எண்ணினால் ஏழு. ஆகவே 2⁷. விரலால் தொட்டு எண்ணச் சொல்லுங்கள், ஒன்பதாவது படிக்கும் பிள்ளையாக இருந்தாலும்.

அடுத்து வகுத்தல். 5⁷ ÷ 5⁴. மேலே ஏழு ஐந்து, கீழே நான்கு ஐந்து. ஒன்றுக்கொன்று அடித்தால் மேலே மூன்று மிஞ்சும்: 5³.

மூன்றாவதாக அடுக்குக்கு அடுக்கு. (3²)⁴ என்றால் 3² நான்கு முறை: 3² × 3² × 3² × 3² = 3⁸. இதற்குப் பக்கத்திலேயே 3² × 3⁴ = 3⁶ஐ எழுதி இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். எங்கே கூட்டினோம், எங்கே பெருக்கினோம் என்று பிள்ளையின் வாயிலிருந்தே வர வேண்டும்.

கடைசியாக அடிமானம் வேறு, அடுக்கு ஒன்று. 2³ × 5³ஐ விரித்து ஒரு 2, ஒரு 5 என்று ஜோடி சேர்த்தால் மூன்று பத்து: 10³ = 1000.

ஒவ்வொன்றையும் மூன்று தடவை விரித்துவிட்டால் நாலாவது தடவை "விரிக்காமலேயே சொல்லவா?" என்று பிள்ளையே கேட்கும். விதியை நோட்டில் எழுத அதுவே நேரம்.

இனி இங்கே வரும் தப்புகள். 2³ × 2⁴ = 4⁷ என்று அடிமானத்தையும் பெருக்கிவிடுவார்கள். 2³ × 3²ஐ 6⁵ ஆக்குவார்கள்; அடிமானமும் வேறு, அடுக்கும் வேறு என்பதால் அதில் எந்த விதியும் பாயாது, 8 × 9 = 72 என்று போட்டுவிட வேண்டியதுதான்.

எல்லாவற்றிலும் பிடிவாதமான தப்பு கூட்டலில் வருவது. 2³ + 2⁴ = 2⁷ என்று எழுதுவார்கள். விதியில் "கூட்டு" என்ற சொல் வருகிறதல்லவா, கூட்டல் குறியைப் பார்த்ததும் அது ஒட்டிக்கொள்கிறது. 8 + 16 = 24, ஆனால் 2⁷ = 128 என்று போட்டுக் காட்டுங்கள். கூட்டலுக்கு அடுக்கு விதி கிடையாது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் நல்ல விடை கிடைக்கும்: 3² + 3² + 3² என்றால் மூன்று 3², அதாவது 3 × 3² = 3³. இங்கேயும் அது முதலில் பெருக்கலாக மாறியதால்தான் விதி வந்தது.

இதன் உடன்பிறப்பு (அ + க)² = அ² + க² என்ற தப்பு. இதற்குக் கட்டம் போட்ட தாளை எடுங்கள். பக்கம் 3 + 4 = 7 கட்டம் உள்ள சதுரம் வரைந்து, மூன்றாவது கட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போடச் சொல்லுங்கள். நான்கு துண்டு கிடைக்கும்: 9, 12, 12, 16. கூட்டினால் 49. வெறும் 9 + 16 எழுதினால் 25 தான், இரண்டு பன்னிரண்டும் காணாமல் போய்விடும். அந்த இரண்டு செவ்வகங்கள்தான் 2அக. ஒருமுறை தன் கையால் வண்ணமடித்த பிள்ளை அதை எளிதில் தொலைப்பதில்லை.

5. பூச்சியமும் மைனஸும் அடுக்காக வரும்போது

5⁰ஐ 0 என்பதும், 2⁻³ஐ −8 என்பதும் வழக்கமான தப்புகள். "விதி அப்படித்தான்" என்று சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் பரீட்சையில் மறுபடி பூச்சியம் போடுவார்கள். இறங்குவரிசையாக எழுதவிடுங்கள்:

3⁴ = 81
3³ = 27
3² = 9
3¹ = 3

"ஒவ்வொரு படி இறங்கும்போதும் என்ன நடக்குது?" என்று கேளுங்கள். மூன்றால் வகுபடுகிறது. அப்படியானால் அடுத்த படி 3⁰ = 1. இன்னும் இறங்கினால் 3⁻¹ = 1/3, 3⁻² = 1/9. எங்கேயும் மைனஸ் எண் வரவில்லை என்பதைப் பிள்ளையே பார்த்துவிடும். அடுக்கில் வரும் மைனஸ், எண்ணைத் தலைகீழாக்குகிறது, குறியைத் தொடுவதில்லை.

ஆகவே (2/3)⁻² என்றால் முதலில் புரட்டி (3/2)² ஆக்கி, பிறகு 9/4. முதல் படியில் புரட்டிவிட்டால் மைனஸ் தொலைந்துவிடும், அதன்பின் பழகிய கணக்குதான். 4அ⁻² வந்தால் மூன்றாம் பகுதியின் நிழலிடல் மறுபடி உதவும்: அ மட்டுமே கீழே இறங்கும், 4 மேலேயே நிற்கும், 4/அ².

அறிவியல் குறியீடு இதே வாரத்தில் வரும். 0.00045 = 4.5 × 10⁻⁴. புள்ளி எத்தனை இடம் நகர்ந்தது என்று எண்ண வேண்டும். பூச்சியங்களை எண்ணினால் பிசகும்.

6. மூலத்தைக் கேள்வியாக வாசிக்க வேண்டும்

√36 என்பதைப் பார்த்ததும் பிள்ளை மனதில் ஒரு கேள்வி ஓட வேண்டும்: எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 36? மூலம் என்றால் பிறப்பிடம். 36 என்ற வர்க்கம் எந்த எண்ணிலிருந்து பிறந்தது என்பதுதான் கேள்வி.

கோலத்தைக் காட்டினால் சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். ஐந்து புள்ளி, ஐந்து வரிசை நேர்ப்புள்ளி வைத்தால் 25 புள்ளி, இது வர்க்கம். 49 புள்ளியைச் சதுரமாக வைக்க வேண்டும், ஒரு வரிசைக்கு எத்தனை? இது வர்க்கமூலம். 50 புள்ளி கொடுத்தால் சதுரம் அமையாது, ஒன்று மிஞ்சும். √50 முழு எண்ணாக வராது, ஏழுக்குச் சற்று மேலே நிற்கும் என்பது அங்கேயே விளங்கிவிடும்.

√36 = 18 என்று பாதியாக்குவது பரவலான தப்பு. முதல் எடுத்துக்காட்டாக √4ஐக் கொடுத்தால் இந்தத் தப்பை நாமே விதைத்துவிடுகிறோம், ஏனென்றால் 4இன் பாதியும் 2, வர்க்கமூலமும் 2. √49இல் தொடங்குங்கள்.

கனமூலத்தில் மூலக்குறியின் மடியில் உட்கார்ந்திருக்கும் குட்டி 3ஐக் கவனிக்க வைக்க வேண்டும். √64 = 8, ³√64 = 4. அந்த 3ஐ வெளியே எழுதிவிட்டால் 3√64 = 24 என்று வேறு கணக்காகிவிடும். எழுதும்போது 3ஐச் சிறிதாக, குறியின் வளைவுக்குள் எழுதப் பழக்குங்கள்.

மைனஸ் விஷயத்தில் மூன்று செய்தி. √25 என்றால் 5 மட்டுமே. மூலக்குறி மிகை எண்ணையே தரும். ஆனால் அ² = 25 என்று சமன்பாடு வந்தால் 5, −5 இரண்டும் விடை. முதலாவது ஓர் எண்ணின் பெயர், இரண்டாவது "எந்தெந்த எண்கள்?" என்ற கேள்வி. மூன்றாவது: ³√(−27) = −3 சரி, ஏனென்றால் மூன்று மைனஸ் பெருக்கினால் மைனஸ்; √(−9)க்கு மெய்யெண்களில் விடை இல்லை, எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினாலும் மைனஸ் வராது.

கூட்டல் இங்கேயும் துரத்திவரும். √(9 + 16) என்பதை 3 + 4 = 7 என்பார்கள். உள்ளே கூட்டினால் √25 = 5. மூலக்குறியின் மேல்கோடு ஓர் அடைப்புக்குறி மாதிரி. அதன் கீழே இருப்பதை முதலில் முடிக்க வேண்டும். பெருக்கல் என்றால் பிரிக்கலாம்: √(9 × 16) = 3 × 4 = 12. பிதகரஸ் தேற்றக் கணக்கு வரும்போது இந்தத் தப்பு கர்ணத்தையே தப்பாக்கிவிடும், அதனால் இப்போதே சரிசெய்யுங்கள்.

தசமத்தில் ஒரு பொறி: √0.09 = 0.3. அதைப் பார்த்து √0.9ஐயும் 0.3 என்பார்கள். 0.3 × 0.3 போட்டுப் பார்த்தால் 0.09 தான் வரும்.

மாறிக்கும் ஒரு பொறி உண்டு. √(அ¹⁶) = அ⁴ என்பார்கள், அடுக்குக்கே வர்க்கமூலம் எடுத்துவிட்டு. அ⁴ × அ⁴ = அ⁸ தானே, அ¹⁶ வரவில்லையே? அ⁸ × அ⁸ தான் அ¹⁶, ஆகவே விடை அ⁸. வர்க்கமூலம் அடுக்கைப் பாதியாக்கும், அடிமானத்தைப் பாதியாக்காது.

7. பெரிய எண்ணின் மூலம்: பகாக் காரணிகளை ஜோடி சேர்த்தல்

√1764 வந்தால் ஊகிக்க வேண்டாம். முதலில் மதிப்பிடச் சொல்லுங்கள்: 40² = 1600, 50² = 2500, ஆக விடை நாற்பதுகளில் இருக்கிறது. பிறகு 2இலிருந்து தொடங்கி வகுக்கட்டும்: 2, 2, 3, 3, 7, 7. ஒவ்வொரு ஜோடியையும் வட்டமிட்டு, ஜோடிக்கு ஒருவரை மட்டும் வெளியே அனுப்பச் சொல்லுங்கள். 2 × 3 × 7 = 42. முதலில் போட்ட மதிப்பீட்டோடு பொருந்துகிறது.

மதிப்பீட்டை முதலில் செய்வதற்குக் காரணம், ஒரு காரணியை விட்டுவிட்டால் விடை 14 என்றோ 21 என்றோ வரும். நாற்பதுகளில் இல்லை என்பதால் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

ஜோடி கிடைக்காதவர் உள்ளேயே இருக்க வேண்டும். 72 = 2 × 2 × 2 × 3 × 3. ஒரு 2, ஒரு 3 வெளியே வரும். தனித்த 2 உள்ளே. √72 = 6√2. இங்கே இரண்டு தப்பைப் பார்க்கலாம். √(36 × 2)ஐ 36√2 என்று மூலம் எடுக்காமலேயே வெளியே தள்ளுவது ஒன்று. √(9 × 8)ஐ 3√8 என்று எழுதி நிறுத்திவிடுவது இன்னொன்று. 8க்குள் இன்னும் ஒரு ஜோடி இருக்கிறது. சரிபார்க்க, வெளியே இருப்பதை வர்க்கமாக்கி உள்ளே பெருக்கினால் போதும்: 36 × 2 = 72.

கனமூலத்துக்கு மும்மூன்றாகச் சேர்க்க வேண்டும். 3375 = 3 × 3 × 3 × 5 × 5 × 5, ஆக ³√3375 = 15.

நீள்வகுத்தல் முறை கேட்டிருந்தால் ஆசிரியர் போட்ட படியே போடட்டும். வலப்பக்கத்திலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகக் கோடு போடுவதில்தான் பிசகு வரும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. விகிதமுறா மூலங்களைக் கூட்டுவதும் பகுதியைச் சீர்செய்வதும்

3√2 + 5√2 = 8√2. மூன்று மாம்பழமும் ஐந்து மாம்பழமும் எட்டு மாம்பழம், அவ்வளவுதான். √2 + √3 என்பது மாம்பழமும் பலாப்பழமும்; அப்படியே விட வேண்டும். √5 என்று எழுதினால், √2 ஏறத்தாழ 1.414, √3 ஏறத்தாழ 1.732, கூட்டினால் 3.146, √5 ஏறத்தாழ 2.236 தான் என்று காட்டுங்கள்.

√8 + √18 போல வந்தால் "சேராது" என்று முடிவு கட்டும் முன் இரண்டையும் சுருக்க வேண்டும்: 2√2 + 3√2 = 5√2. சுருக்குவது முதலில், கூட்டுவது பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் √26 என்று வந்து நிற்கும்.

6/√3 என்று பின்னத்தின் பகுதியில் மூலம் இருந்தால் மேலும் கீழும் √3ஆல் பெருக்கி 6√3/3 = 2√3 ஆக்குகிறோம். எதற்கு இந்த வேலை என்று பிள்ளை கேட்கும், கேட்க வேண்டும். 6ஐ 1.732ஆல் வகுக்கச் சொல்லுங்கள், பிறகு 1.732ஐ 2ஆல் பெருக்கச் சொல்லுங்கள். காரணம் கை வலியிலேயே தெரிந்துவிடும்.

9. பின்னம் அடுக்காக வந்தால்

9^(1/2) என்றால் என்ன? அதை அதனாலேயே பெருக்கிப் பார்ப்போம். அடுக்குகளைக் கூட்டினால் 1/2 + 1/2 = 1, ஆக விடை 9. தன்னாலேயே பெருக்கினால் 9 தரும் மிகை எண் √9 தானே? நான்காம் பகுதியின் விதியிலிருந்தே இது வந்துவிட்டது, புதிதாக மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லை. இதே போல 8^(1/3) என்பது ³√8 = 2. இதை 8/3 என்று எழுதுவதுதான் இங்கே வரும் தப்பு.

27^(2/3) வந்தால் கீழே இருக்கும் 3 மூலம், மேலே இருக்கும் 2 அடுக்கு. முதலில் மூலம் எடுத்து 3, பிறகு வர்க்கமாக்கி 9. வரிசை மாறினாலும் விடை மாறாது; ஆனால் முதலில் 27² = 729 போட்டால் அதன் கனமூலத்தைத் தேடி அலைய வேண்டும். எண்ணைச் சிறிதாக்கிக்கொண்டு பிறகு பெரிதாக்குவது எளிது.

10. சமன்பாடாக வரும்போது

மாறி அடுக்கில் இருந்தால் இரு பக்கமும் ஒரே அடிமானத்துக்குக் கொண்டுவர வேண்டும். 3^(க+1) = 81 என்பதில் 81 = 3⁴; அடிமானம் ஒன்று என்பதால் க + 1 = 4, க = 3. 4^க = 8 என்றால் இரண்டையும் 2இன் அடுக்காக மாற்றுங்கள்: 2^(2க) = 2³, க = 3/2. முதலில் எழுதிவைத்த பட்டியல் இங்கேதான் கை கொடுக்கும். 81ஐ 27ஆல் வகுத்து "க 3 போல" என்று ஊகிக்கும் பிள்ளையைத் தடுத்துவிடுங்கள். இந்தக் கணக்கில் விடை தற்செயலாகப் பொருந்தும், அடுத்ததில் பொருந்தாது.

மாறி மூலக்குறிக்குள் இருந்தால், மூலத்தை ஒரு பக்கம் தனியாக நிறுத்திவிட்டு இரு பக்கமும் வர்க்கமாக்க வேண்டும். அதன்பின் விடையை முதல் வரியில் போட்டுப் பார்ப்பது கட்டாயம். √(க + 7) = க − 5 என்பதை வர்க்கமாக்கினால் க² − 11க + 18 = 0 வரும்; க = 9 அல்லது 2. 9ஐப் போட்டால் √16 = 4, வலப்பக்கமும் 4. 2ஐப் போட்டால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. ஆக 2 விடையல்ல. வர்க்கமாக்கும்போது 3க்கும் −3க்கும் உள்ள வேறுபாடு அழிந்துபோனதால் உள்ளே நுழைந்த போலி அது. இரண்டு விடையையும் எழுதிவிட்டு மதிப்பெண் இழக்கும் இடம் இது. இருபடிச் சமன்பாடு படிக்காத பிள்ளைக்கு இந்த ஒரு கணக்கை விட்டுவிடலாம்.

11. தப்பு வந்தால் என்ன சொல்வது

"தப்பு" என்ற சொல்லை நீங்கள் சொல்ல வேண்டாம், எண் சொல்லட்டும். மாறி உள்ள எந்த வரியிலும் சந்தேகம் வந்தால் மாறிக்குப் பதில் 3 அல்லது 5 போட்டு முந்தைய வரியும் இந்த வரியும் ஒரே மதிப்பா என்று பார்க்கச் சொல்லுங்கள். 0, 1, 2 மூன்றையும் தவிருங்கள். அந்த எண்களுக்குத் தப்பான வரியும் பல நேரம் சரியாகவே தெரியும்.

பென்சிலை நீங்கள் வாங்காதீர்கள். எனக்கே இது கடினமாக இருந்தது. பிள்ளை தயங்கும்போது கை தானாக நீளும். கேட்க வேண்டியவை மூன்றே: "இதை வாசி. அடிமானம் எது? விரிச்சு எழுதினா எப்படி இருக்கும்?" பெரும்பாலான முட்டுக்கட்டை இந்த மூன்றாவது கேள்விக்குள் விலகிவிடும்.

நாற்பது நிமிடத்துக்கு மேல் போனால் நிறுத்திவிடுங்கள். முடியாத கணக்கை அழிக்காமல், எந்த வரி வரை புரிந்தது என்று பக்கத்தில் ஒரு கோடு போட்டு, பிள்ளையின் கையெழுத்திலேயே "இதுக்கு அப்புறம் புரியலை" என்று எழுதவையுங்கள். ஆசிரியருக்கு அந்த ஒரு வரி போதும். மறுநாள் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

12. மறுநாள் மாலை

புதுக் கணக்குக்குப் போகும் முன், நேற்றுத் தடுக்கிய கணக்கையே எண்ணை மட்டும் மாற்றிக் கொடுங்கள். நேற்று −3⁴ என்றால் இன்று −5². நேற்று √72 என்றால் இன்று √98. விரித்து எழுதாமலே −25 என்றும் 7√2 என்றும் சொல்லிவிட்டால் அடுத்த பயிற்சிக்குப் போகலாம். தயங்கினால் மறுபடி விரித்து எழுத வேண்டும், ஒரே ஒரு கணக்கு மட்டும், வேறொன்றையும் சேர்க்காமல்.